ஓலையில்லா எருதும் புத்தகமில்லா வண்டியும்

‘வண்டி இருக்கிறது, புத்தகம் இல்லை’ என்ற ஒரு வாக்கியம் நம் ஊர்ப் பழைய வாகனச் சந்தையில் விலையைச் சரசரவென்று இறக்கிவிடும். எஞ்சின் சீராக ஓடலாம், டயர் புதிதாக இருக்கலாம்; ஆயினும் நான்கு தாள் கொண்ட ஒரு சிறு புத்தகமோ, இன்று அதன் இடத்தைப் பிடித்துவிட்ட ஓர் அட்டையோ இல்லையெனில் அது வண்டியே இல்லை என்பது போல வாங்குபவர் பின்வாங்குவார். பின்வாங்காதவரும் உண்டு. விலை மலிவு என்று வாங்கிவிட்டு, ‘புத்தகம் பிறகு வந்து சேரும்’ என்ற தரகர் வாக்கை நம்பியிருப்பவர்கள் அவர்கள். இந்தப் புத்தகத்துக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது, உண்மையில் அதற்கு அத்தனை வலிமை உண்டா என்பதை வரலாற்றின் வழியே சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

பொருளை வாங்குபவன் ‘இது விற்பவனுடையதுதானா’ என்று எப்படி அறிவான்? நிலத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. நிலம் இடம்பெயராது, அதன் எல்லைகளை அண்டை வீட்டார் அறிவர். காலுள்ள பொருளும் சக்கரமுள்ள பொருளும்தான் சட்டத்துக்குப் பெருந்தலைவலி. ஏறத்தாழ கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத் தொகுப்பில் ஏழாவது விதி இதைத்தான் பேசுகிறது. பிறன் மகனிடமிருந்தோ அடிமையிடமிருந்தோ சாட்சியும் ஒப்பந்தமும் இன்றி எருதோ, ஆடோ, கழுதையோ, வெள்ளியோ வாங்குபவன் திருடனாகவே கருதப்படுவான்; அவனுக்குரிய தண்டனை மரணம். ஆவணமின்றி வாங்கியவனும் திருடியவனும் ஒரே தட்டில் வைக்கப்பட்ட காலம் அது.

நம் தரும சாத்திரங்கள் இத்தனை கடுமை காட்டவில்லை. வழக்குக்குரிய பதினெட்டுப் பொருள்களுள் ஒன்றாக ‘அசுவாமி விக்ரயம்’, அதாவது உடைமையாளன் அல்லாதவன் செய்யும் விற்பனை, தனியே எண்ணப்பட்டிருக்கிறது. மனு நூலின்படி, விற்றவனைக் கொண்டுவந்து நிறுத்த இயலாவிட்டாலும், பலர் அறிய வெளிப்படையாக வாங்கியதை மெய்ப்பித்தவனுக்குத் தண்டனை இல்லை. ஆனால் பொருள் பழைய உடைமையாளனுக்கே திரும்பிவிடும். வாங்கியவன் தலை தப்பும், தனம் தப்பாது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் நம் நாட்டுச் சட்டம் ஏறத்தாழ இங்கேதான் நிற்கிறது.

தமிழில் ஆவண வழக்கு என்றால் நம் நினைவுக்கு முதலில் வருவது பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம். மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர், சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாக அடிமை ஓலை ஒன்றை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழித்தது படியோலைதான், மூல ஓலை வேறு உண்டு என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் அது நீட்டப்படுகிறது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து அவையோர் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். நீண்டகால வழக்கம், ஆவணம், அயலார் சாட்சி என மூன்று வகைச் சான்றுகளும் அங்கே பேசப்படுகின்றன. பக்திக் கதை என்று மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம். சேக்கிழார் சோழநாட்டு அரசியல் அலுவலர் என்பதையும், நீதிமன்ற நடைமுறை அவருக்குக் கைவந்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். நகலுக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கதையின் திருப்புமுனையாகவே வைத்திருக்கிறார். நகல் புத்தகத்தைக் காட்டி வண்டி விற்க வருபவரிடம் மூலம் எங்கே என்று கேட்பதற்கு நமக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே முன்னுதாரணம் உண்டு.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். காரணம் எளிது: நம் விற்பனைச் சட்டமும் வாகனச் சட்டமும் அங்கிருந்து வந்தவை. அந்நாட்டுப் பொதுச் சட்டத்தில் ‘திறந்த சந்தை’ என்றொரு விந்தையான விதி இருந்தது. முறையாக நிறுவப்பட்ட சந்தையில், பகல் வெளிச்சத்தில், நல்லெண்ணத்தோடு ஒருவர் பொருளை வாங்கினால், அது திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் வாங்கியவருக்கு முழு உரிமை வந்துவிடும். லண்டன் மாநகரில் ஞாயிறு தவிர எல்லா நாளும் எல்லாக் கடையும் தத்தம் சரக்குக்குத் திறந்த சந்தைதான். பொருளைத் தொலைத்தவன் சந்தைக்கு வந்து தேடட்டும், தேடாவிட்டால் அவன் பாடு என்பது அதன் தருக்கம்.

இந்த விதி குதிரைத் திருடர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஓரூரில் திருடிய குதிரையை வேறோர் ஊர்ச் சந்தையில் விற்றுவிட்டால் திருட்டு கழுவப்பட்டுவிடும். ஆகவே மேரி அரசியின் காலத்தில் 1555இலும், முதலாம் எலிசபெத்தின் காலத்தில் அதைத் தொடர்ந்தும் குதிரை விற்பனைக்கெனத் தனிச் சட்டங்கள் வந்தன. அவற்றின் நுணுக்கம் வியப்பூட்டுவது. குதிரையைச் சந்தையின் பொது இடத்தில், காலை பத்து மணிக்கும் சூரியன் மறைவதற்கும் இடையே, ஒரு மணி நேரம் முழுதும் எல்லோரும் காண நிறுத்தி வைக்க வேண்டும். பின்பு விற்பவரும் வாங்குபவரும் சந்தைக் கணக்கரிடம் சேர்ந்து செல்ல வேண்டும். அவர் தம் பேரேட்டில் விலை, குதிரையின் நிறம், உடற்குறிகள், இருவர் பெயர், ஊர் எல்லாவற்றையும் எழுதுவார். விற்பவரை அறிந்தவர் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். இத்தனைக்குப் பிறகும், திருட்டுப் போன ஆறு மாதத்துக்குள் உரியவர் முறையிட்டு, அடுத்த நாற்பது நாளில் இரு சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பித்து, வாங்கியவர் கொடுத்த விலையைத் தந்துவிட்டால் குதிரையை மீட்டுக்கொள்ளலாம்.

நிறமும் உடற்குறியும் என்ற சொற்களை ஊன்றிப் பாருங்கள். மாட்டுச் சந்தையில் நம்மவர்கள் சுழி பார்ப்பதை ஒத்த அதே கண்தான், பிற்காலத்தில் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கிறது. வாகனப் பதிவுப் புத்தகத்தின் முன்னோர் யார் என்று கேட்டால், அந்தக் குதிரைச் சந்தைப் பேரேட்டையே நாம் காட்டுவோம்.

ஆனால் மோட்டார் வண்டி வந்தபோது அந்தப் பேரேட்டை ஒருவரும் நினைக்கவில்லை. 1903ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மோட்டார் கார் சட்டம் வண்டிகளுக்குப் பதிவெண் தந்தது. அது 1904 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் உடைமையை நிறுவுவது அன்று. புழுதி கிளப்பிப் பாய்ந்து செல்லும் வண்டியை அடையாளம் கண்டு அபராதம் விதிப்பது. (லண்டனின் ‘ஏ 1’ எண்ணைப் பெற்றவர் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தமையனார் என்பது ஒரு சுவையான துணுக்கு.) பின்பு 1920ஆம் ஆண்டுச் சாலைகள் சட்டத்தால் ‘லாக் புக்’ என்ற பதிவுப் புத்தகம் வந்தது, அது வரி தண்டுவதற்கு உதவியது. காவல் துறைக்காகவும் கருவூலத்துக்காகவும் பிறந்த தாள் இது. இன்றும் அந்நாட்டுப் பதிவுச் சான்றிதழ், தான் உடைமைக்குச் சான்று அன்று என்று தன் முகத்திலேயே எழுதிக்கொண்டிருக்கிறது.

மக்களோ அதை உடைமைப் பத்திரமாகவே கொண்டனர். இந்த இடைவெளியில் விழுந்த வழக்குகள் இரண்டைச் சொல்ல வேண்டும். தவணை முறையில் கார் எடுத்த ஒருவர் அதை மெய்ட்ஸ்டோன் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார். தவணை நிறுவனம் வழக்கிட்டது. 1949இல் நீதிமன்றம், அது திறந்த சந்தை, வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருக்கிறார், கார் அவருடையதே என்று தீர்த்தது. குதிரைக்காக இறுக்கப்பட்ட விதி காருக்குத் தளர்வாகவே கிடந்திருக்கிறது! அடுத்த வழக்கில் உரிமையாளர் விலை விசாரிப்பதற்காக மட்டும் காரை வணிகரிடம் விட்டார். வணிகர் தந்திரமாக லாக் புக்கையும் கைப்பற்றிக் காரை விற்றுவிட்டார். 1951இல் வெளியான தீர்ப்பில் நீதிபதி டென்னிங் நுட்பமாக ஒரு கோடு கிழித்தார்: கார் உரிமையாளர் சம்மதத்தோடு வணிகர் கைக்குப் போயிற்று, புத்தகம் அவ்வாறு போகவில்லை, புத்தகமின்றிப் பழைய கார் விற்பது இயல்பான வணிகம் ஆகாது, ஆகவே வாங்கியவருக்கு உரிமை இல்லை. உடைமைப் பத்திரம் அல்லாத ஒரு தாள், உடைமையைத் தீர்மானித்த கதை இது. திறந்த சந்தை விதியை இங்கிலாந்து 1995இல்தான் கைவிட்டது.

அமெரிக்கா வேறு வழி சென்றது. அங்கே பதிவு வேறு, உடைமைச் சான்று வேறு. இரண்டும் தனித்தனித் தாள்கள். கார்த் திருட்டு பெருகி 1919இல் மாநில எல்லை கடந்த வாகனத் திருட்டுக்கென்றே கூட்டாட்சிச் சட்டம் இயற்ற வேண்டி வந்த நாடு அது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன்போக்கில் விதி வகுத்ததால் ஓட்டைகளும் இருந்தன. வெர்மான்ட் மாநிலம் பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு உடைமைச் சான்று கேட்பதில்லை. வெளிமாநிலத்தாரும் விற்பனைச் சீட்டை அஞ்சலில் அனுப்பிப் பதிவு பெற்றுவந்தனர். 2023இல் அந்த வாயில் அடைக்கப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையின் ‘எம்.சி. 1’ என்ற எண், கணித மேதை இராமானுசனுக்குத் துணைநின்ற துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு உரியது என்பர். 1914இல் இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதனிடத்தில் 1939ஆம் ஆண்டுச் சட்டமும், பின் இன்றுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிட்டிஷ் சட்டத்தின் வார்ப்பே என்றாலும் திறந்த சந்தை விதியை நம்மவர்கள் சேர்க்கவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் பிறனுக்குத் தர முடியாது என்பதே இங்கு அடிப்படை. சில விலக்குகள் உண்டு. எனினும் திருட்டு வண்டியை எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் அது வாங்கியவருடையது ஆகாது. திருட்டு என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றமும் சேரும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. வாங்குபவருக்குப் பதிவுப் புத்தகம் உடைமைச் சான்று அன்று. ஆனால் விபத்து நேரும்போது அதில் பெயர் உள்ளவரே உரிமையாளர். 1988ஆம் ஆண்டுச் சட்டம் ‘உரிமையாளர்’ என்பவரை, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர் என்றே வரையறுக்கிறது. 1939ஆம் ஆண்டு வரையறை இவ்வாறு இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், கார் பல கை மாறிய பிறகு 2009இல் விபத்து நடந்தது. பெயர் மாற்றாமல் முதலில் விற்றவரே இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் கூறியது. படிவம் 29, 30 ஆகியவற்றில் தேதியிடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குபவர்கள் இத்தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும். விற்றவர் பதினான்கு நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் ஐம்பதாம் பிரிவு சொல்கிறது. கன்சல்டிங் கடைகளில் அந்தக் கெடு ஆண்டுக்கணக்கில் நீள்வதை நாம் காண்கிறோம். இடைநிலை வணிகரையும் பொறுப்பாளியாக்கும் விதிகள் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன.

புத்தகமில்லா வண்டி எல்லாம் திருட்டு வண்டி அல்ல. எம் கல்லூரி மாணவர் ஒருவர் வாங்கிய வண்டியின் பதிவாளர் இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது; வாரிசுகள் பெயர் மாற்றவே இல்லை. இறந்தவர் கையெழுத்திட முடியாது. ஆகவே வாரிசு ஒருவர் இறப்புச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றி, அதன் பின்னரே விற்க முடியும். அம்மாணவர் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தார். அக்கா தம்பி மூவரும் ஒருங்கே ஒப்ப எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை வண்டி விடுதி மரத்தடியில் நின்றது. ஓட்டாதே என்று நாம் சொன்னதை அவர் கேட்டது நம் நல்லூழ்.

தொலைந்த புத்தகத்துக்குக் காவல் நிலையப் புகாரும் படிவம் 26உம் உண்டு. அதற்குப் பதிவாளரே விண்ணப்பிக்க வேண்டும். பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் படிவம் 32. தவணை நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இருந்தால் அந்நிறுவனத்தின் ஒப்புதல் இன்றி ஒன்றும் நகராது. வழி இல்லாதது ஒன்றே ஒன்று: பதிவாளர் யார், எங்கே இருக்கிறார் என்று விற்பவராலேயே சொல்ல முடியாத வண்டி. குதிரைச் சந்தைக் கணக்கர் அன்றே கேட்ட கேள்வி அது. விற்பவரை அறிந்தவர் யாரேனும் உண்டா என்று கேட்டு, இல்லையெனில் பேரேட்டை மூடிவிட்டார்.