புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் புற்றுநோய் மீண்டும் தோன்றுதல்: சிகிச்சைத் தெரிவுகளும் உணவு முறையும்

புரோஸ்டேட் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்ட பின்னர், இரத்தத்தில் பி.எஸ்.ஏ. எனப்படும் புரதத்தின் அளவு உயரத் தொடங்குவதே புற்றுநோய் மீண்டும் தோன்றியிருப்பதன் முதல் அடையாளமாகும். இப்புரதத்தைச் சுரப்பவை புரோஸ்டேட் செல்கள். ஆகவே அறுவை சிகிச்சை முடிந்து 6 முதல் 8 வாரங்களுக்குள் இதன் அளவு கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்துவிட வேண்டும். பின்னர் அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் என்ற அளவை எட்டி, மறுபரிசோதனையிலும் அவ்வாறே உறுதிப்படுமாயின், ‘உயிர்வேதியியல் மீள்தோற்றம்’ என மருத்துவர்கள் குறிப்பிடுவர். இந்நிலையில் பெரும்பாலோருக்கு வலியோ வேறு தொல்லையோ இராது. ஸ்கேன் படங்களிலும் எதுவும் தென்படாமல் இருக்கலாம்.

‘மீண்டும் வந்துவிட்டது’ என்ற சொல் குடும்பத்தில் ஏற்படுத்தும் அச்சம் பெரிது. ஆனால் இரத்தப் பரிசோதனையில் எண் உயர்வதும், நோய் உடலெங்கும் பரவுவதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பெற்ற 1,997 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1999ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், 315 பேருக்குப் பி.எஸ்.ஏ. உயர்ந்தது. பி.எஸ்.ஏ. உயரத் தொடங்கியதிலிருந்து எலும்பு முதலிய இடங்களில் நோய் தென்படுவதற்கு ஆன இடைநிலைக் காலம் 8 ஆண்டுகள். நோய் பரவும்வரை அவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை அளிக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எனவே ஓரிரு வாரங்கள் எடுத்துக்கொண்டு, ஆராய்ந்து முடிவெடுக்க நேரம் உண்டு. எனினும், எல்லோருக்கும் இக்காலம் ஒன்றாக இருப்பதில்லை.

யாருக்கு விரைந்த சிகிச்சை தேவை?

ஒற்றை எண்ணைவிட, அது எவ்வளவு விரைவாக உயர்கிறது என்பதே முதன்மையானது. பி.எஸ்.ஏ. அளவு இரு மடங்காவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் ‘இரட்டிப்புக் காலம்’ எனப்படும். இது ஓராண்டிற்கு மேல் இருந்து, அகற்றப்பட்ட சுரப்பியின் திசு ஆய்வறிக்கையில் கிளீசன் மதிப்பெண் 7 அல்லது அதற்குக் குறைவாகவும் இருந்தால், நோய் மெதுவாக வளரும் வகையாகக் கருதப்படுகிறது. இரட்டிப்புக் காலம் ஓராண்டோ அதற்குக் குறைவோ ஆயினும், அல்லது கிளீசன் மதிப்பெண் 8 முதல் 10 வரை இருப்பினும், ஆபத்து மிகுதி எனக் கொள்ளப்படும்.

இக்கணக்கீடு பழைய அறிக்கைகளின்றி இயலாது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஒவ்வொரு பி.எஸ்.ஏ. அறிக்கையையும், திசு ஆய்வறிக்கையையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருத்தல் பராமரிப்பாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவியாகும். பரிசோதனையை இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்துகொள்க. ஆய்வகத்திற்கு ஆய்வகம் முறை வேறுபடுவதால், 0.15 என்பதும் 0.2 என்பதும் உண்மையான உயர்வாக இல்லாமலும் இருக்கலாம். தலைமுடிக்கும் நகத்திற்கும் என விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில ஆய்வகக் கருவிகளில் தவறான முடிவைத் தரக்கூடும். அவற்றை உட்கொள்வோர் இரத்தம் கொடுக்கும் முன் அதனைத் தெரிவிக்க வேண்டும்.

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன், நோய் எங்கு உள்ளது என்பதை முந்தைய எலும்பு ஸ்கேன், சி.டி. ஸ்கேன் ஆகியவற்றைவிடக் கூர்மையாகக் காட்டுகிறது. ஆயினும் பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழ் இருக்கையில் இதிலும் எதுவும் புலப்படாமல் போவது இயல்பு. ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்பது ‘நோய் இல்லை’ எனப் பொருள்படாது. ஸ்கேனில் தெரியும்வரை காத்திருப்போம் எனச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பலர் செய்யும் தவறாகும்.

மீட்புக் கதிர்வீச்சு சிகிச்சை

புரோஸ்டேட் இருந்த குழிப்பகுதிக்கு அளிக்கப்படும் இக்கதிர்வீச்சே, இந்நிலையில் நோயை முற்றிலும் நீக்கும் வாய்ப்புள்ள சிகிச்சையாகும். பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டுவதற்கு முன் தொடங்கினால் பலன் கூடுதல். வழக்கமாக வாரத்திற்கு 5 நாட்கள் வீதம் ஆறு அல்லது ஏழு வாரங்கள் நடைபெறும். ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே ஆகும், வலி இராது. வெளியூரிலிருந்து வருவோர் தங்குமிடம், பயணம் ஆகியவற்றை முன்னரே திட்டமிட வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்தவுடனேயே, பி.எஸ்.ஏ. உயர்வதற்கு முன்பே இதனை அளித்திருக்க வேண்டுமோ என்ற ஐயம் சிலரை வருத்துகிறது. 1,396 பேர் பங்கேற்று 2020ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான ராடிகல்ஸ் ஆய்வில், உடனடியாகக் கதிர்வீச்சு பெற்றோருக்கும், பி.எஸ்.ஏ. உயரத் தொடங்கியவுடன் பெற்றோருக்கும் நோய்க் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உடனடியாகப் பெற்றோருக்குச் சிறுநீர்த் தொல்லைகளே அதிகமாயின. ஆகவே, காத்திருந்து கண்காணித்தது பிழை என எண்ண வேண்டியதில்லை. உயர்வு உறுதியான பின்னரும் காத்திருப்பதே தவிர்க்கப்பட வேண்டியது.

சிகிச்சைக் காலத்தில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிச்சல், வயிற்றுப்போக்கு, களைப்பு ஆகியவை தோன்றிப் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். சிலருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதைச் சுருக்கம், மலத்தில் இரத்தம், ஆண்மைக் குறைவு ஆகியவை ஏற்படலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் கசிவு இன்னும் நிற்காதோர் அதனை மருத்துவரிடம் கூற வேண்டும். இயன்றால் அது சீரடைந்த பின் கதிர்வீச்சைத் தொடங்குவது நல்லது.

ஹார்மோன் சிகிச்சை

டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண் ஹார்மோன் இச்செல்களின் வளர்ச்சிக்குத் துணைபுரிகிறது என்பதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் நிறுவினார். இதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஹார்மோனைக் குறைக்கும் ஊசிகள் மாதம் ஒருமுறையோ, 3 அல்லது 6 மாதங்களுக்கு ஒருமுறையோ போடப்படுகின்றன. கதிர்வீச்சுடன் சேர்த்து அளிக்கையில் 6 மாதம் முதல் 2 ஆண்டுகள் வரை நீடிக்கும். கதிர்வீச்சுடன் பைகாலூட்டமைடு மாத்திரையை 2 ஆண்டுகள் உட்கொண்டோரில் 12 ஆண்டுகளுக்குப் பின் 76.3 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் இது 71.3 விழுக்காடு. ஆனால் பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருந்தபோதே சிகிச்சை தொடங்கியோரிடம் இந்நன்மை தெளிவாகக் காணப்படவில்லை. எனவே ஹார்மோன் சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயம் அன்று. ‘எனக்கு இதனால் கூடுதலாகக் கிடைக்கும் பயன் எவ்வளவு?’ என்று மருத்துவரிடம் கேட்பது முறையான கேள்வியே.

இரட்டிப்புக் காலம் 9 மாதமோ அதற்குக் குறைவோ ஆகி, மேற்கொண்டு கதிர்வீச்சுக்கு இடமில்லாத நிலையில், லூப்ரோலைடு ஊசியுடன் என்சாலூட்டமைடு மாத்திரையைச் சேர்த்து அளிக்கலாம். 1,068 பேரிடம் நடைபெற்று 2023இல் வெளியான எம்பார்க் ஆய்வில், இவ்விரண்டையும் பெற்றோரில் 87.3 விழுக்காட்டினர் 5 ஆண்டுகள் வரை நோய் பரவாமல் இருந்தனர். ஊசி மட்டும் பெற்றோரில் இது 71.4 விழுக்காடு. களைப்பு, தடுமாறி விழுதல், எலும்பு முறிவு ஆகியவை இம்மாத்திரையால் கூடுதலாகலாம். வலிப்பு நோய் இருந்தவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சை ஒருமுறை செய்தால் போதுமானது, செலவும் குறைவு. ஆனால் அதன் விளைவை மாற்ற இயலாது. ஊசியை நிறுத்தி இடைவெளி விடும் வாய்ப்பும் அதில் இல்லை. பி.எஸ்.ஏ. மட்டுமே உயர்ந்து, நோய் பரவாத ஒருவர் செலவை மட்டும் கருதி இதனைத் தெரிவு செய்வதற்கு முன், மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறித்து விசாரித்தல் வேண்டும்.

நோய் மெதுவாக வளரும் வகையாக இருந்து, நோயாளி மிக முதியவராகவோ கடும் இதயநோய் போன்றவை உடையவராகவோ இருப்பின், பி.எஸ்.ஏ.-வைக் குறிப்பிட்ட இடைவெளியில் கண்காணித்து வருவதும் ஒரு சிகிச்சைத் தெரிவேயாகும். அதனைக் கைவிடப்பட்டதாகக் கருத வேண்டா.

வயதானவரிடம் நோய் திரும்பியதைச் சொல்லாமல், மகனோ மகளோ மட்டும் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அன்பினால் செய்யப்படுவதாயினும், இந்நோயில் அது பொருந்தாது. உடல் வெப்பம் திடீரெனப் பொங்குதல், பாலுணர்வு குன்றுதல், மார்பு பெருத்தல், மனச்சோர்வு ஆகியவற்றைத் தாங்கப்போகிறவர் அவரே. மனைவியும் உடனிருந்து கேட்டறிதல் நன்று.

உணவு: எது பயன் தரும், எது தராது?

பி.எஸ்.ஏ. உயர்ந்தவுடன் ‘என்ன சாப்பிட்டால் குறையும்?’ என்பதே வீட்டில் எழும் முதல் கேள்வி. மீண்டும் தோன்றிய புரோஸ்டேட் புற்றுநோயை உணவினால் மட்டும் குணப்படுத்தலாம் என்பதற்குச் சான்று இல்லை. இதனை ஆய்வாளர்கள் முயன்று பார்க்காமல் இல்லை. சுரப்பி அகற்றப்பட்ட 177 பேருக்கு 2 ஆண்டுகள் வரை நாள்தோறும் சோயாப் புரதமோ போலி மருந்தோ அளித்துப் பார்த்ததில், பி.எஸ்.ஏ. மீண்டும் உயர்ந்தோர் விழுக்காட்டில் இரு பிரிவிலும் பெரிய வேறுபாடு இல்லை. மாதுளைச் சாறு பி.எஸ்.ஏ. உயர்வைத் தாமதப்படுத்துவதாக 2006இல் ஓர் ஆய்வு நம்பிக்கையூட்டியது. அதில் ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு இல்லை. பின்னர் போலி மருந்துடன் ஒப்பிட்டபோது அந்நன்மை உறுதிப்படவில்லை. சோயாவும் மாதுளையும் நல்ல உணவுகளே, விரும்பினால் உண்ணலாம். மருந்தாக எண்ணி விலையுயர்ந்த புட்டிகளை வாங்குவதே வீண்.

சத்து மாத்திரைகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடைபெற்ற செலக்ட் ஆய்வில், நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ உட்கொண்டோருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாகத் தோன்றியது. ‘பி.சி. ஸ்பெஸ்’ எனும் மூலிகைக் கலவை அமெரிக்காவில் புரோஸ்டேட் நோயாளிகளிடையே பெயர் பெற்றிருந்தது. அதில் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் பெண் ஹார்மோன் மருந்தும் கலந்திருந்தது கண்டறியப்பட்டு, 2002இல் திரும்பப் பெறப்பட்டது. அதை உட்கொண்டோருக்குப் பி.எஸ்.ஏ. குறைந்தது உண்மையே, குறைத்தது மூலிகைதானா என்பதே கேள்வியாயிற்று. சித்த, ஆயுர்வேத மருந்துகளோ வேறெந்த மருந்தோ உட்கொண்டு வருவீர்களாயின், அச்சமின்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கூறுங்கள். மறைத்தால் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது தெரியாமல் போகும்.

உணவு உண்மையில் உதவுவது வேறிடத்தில். ஹார்மோன் சிகிச்சை எலும்பை மெலியச் செய்கிறது; தசையைக் குறைத்து வயிற்றுக் கொழுப்பைக் கூட்டுகிறது; நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வாய்ப்பை மிகுவிக்கிறது. இவற்றைத் தடுப்பதற்கே தட்டில் கவனம் வேண்டும்.

எலும்பிற்காக நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் உணவின் வழியே கிடைப்பது நல்லது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. மோர், தயிர், முருங்கைக்கீரை, எள், முள்ளுடன் உண்ணும் சிறு மீன் ஆகியவையும் உதவும். உணவில் போதிய அளவு கிடைக்கையில் அதன்மேல் மாத்திரையும் சேர்க்க வேண்டா. வைட்டமின் டி அளவையும், டெக்சா ஸ்கேன் மூலம் எலும்பின் அடர்த்தியையும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே பரிசோதித்துக்கொள்ளலாம்.

தசைக்குப் புரதம் தேவை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் உடல் எடையில் ஒரு கிலோவிற்கு ஏறத்தாழ ஒரு கிராம் என்ற அளவில் பருப்பு, பயறு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைப் பகிர்ந்து உண்ணலாம். நோயாளிக்குக் கஞ்சியே ஏற்றது என்று மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி மட்டும் கொடுப்பது தசையிழப்பைக் கூட்டும். வெள்ளரிசிச் சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியைக் கூட்டுக. நீரிழிவு உடையோர் முதல் ஊசிக்குப் பின் சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். பலரும் இதனை மறந்துவிடுகின்றனர்.

கதிர்வீச்சு நடைபெறும் வாரங்களில் இந்த அறிவுரை சற்றுத் தலைகீழாகும். சிறுநீர்ப்பை நிரம்பியும் மலக்குடல் வெறுமையாகவும் இருந்தால் கதிர்கள் உரிய இடத்தில் படும். ஆதலால் வாயுவை உண்டாக்கும் மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் குறைக்குமாறு கூறுவர். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் கீரை, முழுத்தானியம் ஆகியவற்றை நிறுத்தி, குழைந்த சோறு, இட்லி, மோர், வாழைப்பழம் எனச் சில நாட்கள் உண்க. இங்கே கஞ்சிக்கு இடம் உண்டு. எரிச்சலுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்க வேண்டா. காபி, தேநீரைக் குறைத்தால் போதும்.

அபிராடிரோன் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: வழக்கமான 1,000 மில்லிகிராம் அளவை வெறும் வயிற்றில், உணவுக்குப் பின் 2 மணி நேரமும் உணவுக்கு முன் ஒரு மணி நேரமும் இடைவெளி விட்டு, தண்ணீருடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். உணவுடன் உட்கொண்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு உயரும். பால் சேர்த்த காபியும் உணவே. செலவைக் குறைக்கும் பொருட்டுச் சில மருத்துவர்கள் குறைந்த அளவை உணவுடன் கொடுப்பதும் உண்டு. அது கணக்கிட்டுச் செய்யப்படுவது. அண்டை வீட்டார் உட்கொள்ளும் முறையைப் பார்த்துப் பின்பற்றலாகாது. இம்மருந்து இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தல் நலம்.

புகைப்பிடிப்போருக்கு மீள்தோற்றமும் இறப்பும் கூடுதல் எனக் கண்டறியப்பட்டுள்ளது. உணவுக் கட்டுப்பாடு எதையும்விடப் புகையை நிறுத்துவது முதன்மையானது. விறுவிறுப்பாக நடப்போரிடம் நோய் முற்றுவது குறைவாக இருந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. நடையே அதற்குக் காரணம் என உறுதிப்படுத்த இயலாவிடினும், களைப்பைக் குறைத்துத் தசையைக் காப்பது ஐயமின்றித் தெரிந்ததே. வாரத்தில் இருமுறை நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சிறு எடைகளைத் தூக்குதல் போன்ற பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்க.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

சிறுநீர் முற்றிலும் அடைபட்டாலோ, கட்டிகளாக இரத்தம் வெளியேறினாலோ, காய்ச்சலுடன் நடுக்கம் ஏற்பட்டாலோ தாமதிக்க வேண்டா. முதுகில் புதிதாகத் தோன்றி நாளுக்கு நாள் கூடும் வலியுடன் கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, மலம் சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ தண்டுவடம் அழுத்தப்படுவதாக இருக்கலாம். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவிற்குச் சென்று, புரோஸ்டேட் புற்றுநோய் இருந்ததைத் தெரிவிக்க வேண்டும். ஊர்தி வசதி இல்லாதோர் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.