தமிழ்நாட்டில் நாணயச் சேகரிப்பும் சேகரிப்போர் சங்கங்களும்

பழங்காசுகளைத் தேடி வாங்கி, வகை பிரித்து, எழுத்தும் சின்னமும் படித்தறியும் வழக்கம் தமிழ்நாட்டில் இருநூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. முதலில் கம்பெனி அதிகாரிகளும் பாதிரிமார்களும், அடுத்து வக்கீல்களும் அருங்காட்சியகத்தாரும், பின்னர் பலதரப்பட்ட தொழிலினரும் இதில் ஈடுபட்டனர். சங்கம் வைத்துக் கூடுவது காலத்தால் பிந்தியது.

கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி (1754–1821) ஏட்டுச் சுவடிகளோடு காசுகளையும் திரட்டினார். காசுகளின் எண்ணிக்கை 6,218 என்பது எச்.எச். வில்சன் 1828இல் வெளியிட்ட பட்டியலின் கணக்கு. 1878இல் வந்த புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்றது.

1880களைப் பற்றி நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற வால்டர் எலியட்டின் 'தென்னிந்திய நாணயங்கள்' 1886இல் லண்டனில் வெளிவந்தது. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. கண்ணால் காண வேண்டிய பொருளைப் பற்றிய இந்நூலை நினைவையும் பிறர் உதவியையும் கொண்டே முடித்தார். 1887 மார்ச் 1இல் காலமான எலியட், அன்றும் ஜி.யு. போப்புக்கு அவருடைய குறள் பதிப்பைப் பற்றி ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்துத் தம் கையால் ஒப்பமிட்டார். அதே ஆண்டுகளில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே.இ. டிரேசி பாண்டியர் காசுகளைப் பற்றியும், லோவந்தால் பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றியும் (1888) எழுதினர். படை அதிகாரி டஃப்னெல், புதிதாகச் சேகரிக்க வருவோருக்கென்றே ஒரு குறிப்பு நூல் எழுதினார் (1889). எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அங்குள்ள காசுகளுக்குப் பட்டியல்கள் அச்சிட்டார். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் செப்புக்காசுகளின் எழுத்தைப் படித்து வெளியிட்டார். டிரேசி, டஃப்னெல் போன்றோரின் கட்டுரைகளைத் தாங்கிவந்த சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழே, தனிச் சங்கம் இல்லாத குறையை ஓரளவு தீர்த்தது எனலாம். ஆனால் அச்சேறிய பெயர்கள் வாங்கியவர்களுடையவை. காசைக் கொண்டுவந்து கொடுத்த தட்டார், வட்டிக்கடைக்காரர், உழவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. கன்னார் பட்டறைகளில் குடமும் அண்டாவுமாக உருமாறிய செப்புக்காசுகளுக்கும் கணக்கில்லை.

1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சி அருகே 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினர் என்பது ஒரு கருத்து; பொன்னின் தரம் பார்க்க வெட்டினர் என்பது மற்றொன்று; அயலரசன் உருவத்தை ஏற்காமை காரணம் என்போரும் உளர். எதுவும் முடிவாகவில்லை. இப்புதையலில் பெரும்பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

1910இல் அலகாபாத்தில் இந்திய நாணயவியல் கழகம் தோன்றியது. திருச்சி வழக்கறிஞர் திவான் பகதூர் தி. தேசிகாச்சாரியின் 'தென்னிந்திய நாணயங்கள்' 1933இல் வந்தது. 'சேது' என்னும் எழுத்தும் நந்தியும் பொறித்த செப்புக்காசுகள் இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை எனச் சிலர் கருதியிருந்தனர். அவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை என யாழ்ப்பாணத்து அறிஞர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் எழுதினார். இன்று பெரும்பாலோர் பின்னதையே ஏற்கின்றனர். சேகரிப்போர் வாய்ப்பேச்சில் இரண்டும் வழங்குகின்றன. 1960களில் நாணய ஆய்வாளர் பிடல்ஃப் பாண்டியர், சோழர் காசுகளுக்குத் தனித்தனி நூல் எழுதினார்.

தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் மதுரையில் வாங்கிய பழங்காசுகளுள் ஒன்றைச் சுத்தம் செய்தபோது தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் தெரிந்தது. சதுரச் செப்புக்காசு, ஒருபுறம் குதிரையும் ஆமைகள் கிடக்கும் தொட்டியும், மறுபுறம் கோடுகளால் வரைந்த மீன். இது 1985இல் வெளியானபின், சங்க கால மன்னர் தம் பெயரில் காசு வெளியிட்டனரா என்ற பழைய ஐயம் நீங்கியது. காலத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு நீங்கவில்லை. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்புறை' முதலிய பெயர்கொண்ட சேரர் காசுகளும் அடுத்தடுத்து அறியப்பட்டன. பல கரூரில் அமராவதி ஆற்று மணலை அலசுவோர் கையிலிருந்து வந்தவை. மண்ணடுக்கு தெரியாமல் கடைக்கு வரும் காசு வரலாற்றுக்குப் பாதிதான் பயன்படும் என்பது தொல்லியலாரின் குறை. கடைக்கும் வராதிருந்தால் உருக்குலைக்கே போயிருக்கும் என்பது சேகரிப்போர் பதில். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து தென்னிந்திய நாணயவியல் கழகம் ஆண்டு மாநாடுகளில் படிக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது.

உள்ளூர்ச் சங்கங்கள் அறிஞர் கழகங்களிலிருந்து வேறுபட்டவை. சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்றவை கூட்டமும் கண்காட்சியும் நடத்துகின்றன. இவ்வகைக் கூட்டம் பெரும்பாலும் விடுமுறை நாளில் வாடகை மண்டபத்திலோ பள்ளி அறையிலோ கூடும். யாராவது ஒருவர் சிறு உரை நிகழ்த்துவார். பிறகு மாற்றும் விற்பனையும், கடைசியில் ஏலம். உரையைவிட ஏலத்துக்கே ஆள் சேரும். புதிதாக வரும் சிறுவனுக்கு முதலில் கற்றுத்தருவது, குடியரசுக் காசில் ஆண்டின் கீழே லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்ப்பது: வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லையேல் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரு ரூபாய்க்கு நான்கு உறை தேவைப்படுவது இதனால்தான். போலிகளை இனங்காட்டுவதும் சங்கத்தின் வேலை. இராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பெயரும் பொறித்த வில்லைகளைக் கம்பெனி அச்சிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தியுள்ளதாகச் சொல்லி இவற்றைப் பல இலட்சத்துக்கு விற்கும் மோசடி தமிழ்நாட்டில் அவ்வப்போது பிடிபடுகிறது. வீட்டில் ஒன்று இருக்கிறது, என்ன பெறும் என்று கேட்டு வருவோர் ஏமாந்து திரும்புவது வழக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக இந்திய அரசு ஆயிரம் ரூபாய் நாணயமும் ஐந்து ரூபாய் நாணயமும் வெளியிட்டது. முன்னது புழக்கத்துக்கு வரவில்லை. 2011 ஜூன் 30உடன் 25 காசும் அதற்குக் குறைந்தவையும் செல்லாதவையாயின. மாற்றும் ஏலமும் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில் நடைபெறுகின்றன.