கியாசனூர்க் காட்டுக்கு அந்த உண்ணி நோய் எங்கிருந்து வந்தது?

எந்த மருத்துவ நூலைப் புரட்டினாலும் கியாசனூர் வன நோய்க்குப் பிறந்த ஆண்டு 1957 என்றே இருக்கிறது. கன்னட மலைநாட்டில் மங்கன காயிலெ என்பார்கள். நம் பக்கம் குரங்குக் காய்ச்சல். காட்டு உண்ணி கடித்துத் தொற்றும் வைரஸ் காய்ச்சல் அது. ஒரு நோய் திடீரென்று ஓர் ஆண்டில் ஒரு காட்டில் முளைக்குமா என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு முன் அங்கே என்ன இருந்தது, யாராவது அதைப் பார்த்தார்களா என்று பழைய ஆய்விதழ்களிலும் அரசு அறிக்கைகளிலும் தேடிப் போனதன் விவரம் இது.

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் வைரஸ் ஆய்வாளர்கள் டெல்ஃபோர்டு வொர்க், ஹரால்டு டிராப்பிடோ இருவரும் 1957-லேயே வெளியிட்ட முதல் அறிக்கை. அந்த ஆண்டு மார்ச் மாதம், அன்றைய மைசூர் மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டத்தில், சொரபா வட்டத்தின் கியாசனூரைச் சுற்றிய காடுகளில் மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்து ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952-ல் நிறுவியது அது. குரங்குச் சாவு என்றதும் அங்கிருந்தவர்களுக்கு முதலில் தோன்றியது மஞ்சள் காய்ச்சல். ஆசியாவில் அந்த நோய் எக்காலத்திலும் பரவியதில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இந்தியா எங்கும் இருக்கிறது. அது உள்ளே நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பது அன்றைய சுகாதார அதிகாரிகளின் பெரும் பயம்.

பயந்தபடி நடக்கவில்லை. நோயாளிகளின் ரத்தத்திலும் செத்த குரங்குகளின் உறுப்புகளிலும் கிடைத்த வைரஸ் மஞ்சள் காய்ச்சலுடையது அல்ல. அது ரஷ்ய வசந்தகால-கோடைகால மூளைக்காய்ச்சல் வைரசின் உறவு. லெவ் ஸில்பர் தலைமையில் சென்ற குழு, 1937-ல் சோவியத் தூரக் கிழக்கின் தைகா காடுகளில் கண்டறிந்த நோய் அது. அதைப் பரப்புவதும் உண்ணிதான். சைபீரியப் பனிக்காட்டு வைரசின் பங்காளி மலைநாட்டு மழைக்காட்டுக்கு எப்படி வந்தது? நான் திரட்டிய கோப்பு முழுவதையும் இந்தக் கேள்விதான் ஆட்கொண்டது.

அதற்கு அன்று கிடைத்த விடை, பறவைகள். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் உடம்பில் ஒட்டிய உண்ணிகளையும் சேர்த்துச் சுமந்து வந்திருக்கலாம் என்று எண்ணினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சாலிம் அலி பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடும் வேலையைத் தொடங்கினார். பறவையியலுக்கு அது கொடுத்த கொடை பெரிது. நோயைப் பொறுத்தவரை, ரஷ்யாவிலிருந்து பறவை வழியே வைரஸ் வந்ததற்குச் சான்று எதுவும் தேறவில்லை. பின்னாளில் இந்த விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. வெளிநாட்டுக் கூட்டு ஆராய்ச்சிகளைப் பற்றிப் பொதுக் கணக்குக் குழு 1975-ல் வைத்த 167-வது அறிக்கையில் பறவை வலசை ஆய்வும் இடம்பெறுகிறது. வைரசையும் பறவையையும் ஆராய அந்நிய நாட்டுக்கு இங்கே என்ன அக்கறை என்று உறுப்பினர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

பறவைக் கதையைச் சந்தேகிக்க வைக்கும் சான்று அதற்கு முன்பே அச்சில் இருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. 1954-ல் ஸ்மித்பர்னும் உடன் ஆய்வாளர்களும் இந்தியாவின் பல பகுதி மக்களுடைய ரத்த மாதிரிகளைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்ச், சௌராஷ்டிரப் பகுதி மக்கள் சிலரின் ரத்தத்தில் இந்த ரஷ்ய வைரஸ் குடும்பத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. கியாசனூரில் குரங்கு செத்து விழுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, அங்கிருந்து வெகுதொலைவில், இதே குடும்பத்து வைரஸ் ஏதோ ஒன்று இந்திய மண்ணில் மனிதர்களைத் தொட்டிருக்கிறது. உறவு வைரஸ்தானே என்று ரஷ்ய நோய்க்கான தடுப்பூசியைச் சிவமொக்கா மக்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை. பங்காளி என்றாலும் நெருங்கிய பங்காளி இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் 1959-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இந்த நோயைப் பற்றிய கட்டுரைகள் ரோமன் எண்ணிட்டு வரிசையாக வருகின்றன. எட்டாவது கட்டுரையில்தான் காட்டில் பிடித்த ஹீமாஃபைசாலிஸ் இன உண்ணிகளிலிருந்து வைரசைப் பிரித்தெடுத்த விவரம் இருக்கிறது. எழுதியவர்களில் ஒருவர் பி. கே. ராஜகோபாலன்; பிற்காலத்தில் புதுச்சேரி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர். முக்கியக் கடத்தி ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா. அதன் ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே நோயின் பாதி மர்மம் விலகும். வளர்ந்த உண்ணி மழைக்காலத்தில் மாட்டைப் பிடித்து ரத்தம் குடிக்கிறது. நிறைந்ததும் கீழே விழுந்து சருகுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மழை ஓய்ந்ததும் குஞ்சுகள் எலி, பறவை, குரங்கு என்று கிடைத்ததில் ஏறுகின்றன. நவம்பரிலிருந்து மே வரை காட்டில் திரிவது இளம் உண்ணி. அதற்கு எட்டுக் கால். உடல் எள்ளில் பாதி. புல் நுனியிலும் சருகின் விளிம்பிலும் முன்னங்கால்களைத் தூக்கிக் காத்திருக்கும் அது உடம்பில் ஏறியது தெரியாது, கடித்ததும் வலிக்காது. விறகுக்கும் தழைக்கும் மக்கள் காட்டுக்குள் போவதும் அதே வறண்ட மாதங்களில்தான். குரங்கு செத்தால் அதன் மேலிருக்கும் உண்ணிகள் இறங்கி அந்த இடத்தைச் சுற்றியே கிடக்கும். செத்த குரங்கைத் தொடாதே, பக்கத்திலும் போகாதே என்ற எச்சரிக்கைக்கு இதுதான் காரணம்.

அடுத்து கைக்கு வந்தது ஹோர்ஹே போஷெல் 1969-ல் எழுதிய கட்டுரை. இந்தக் கோப்பிலேயே மிகக் கூர்மையான ஏடு அதுதான் என்பேன். கொலம்பியாக்காரரான போஷெல் தம் நாட்டுக் காட்டில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்தவர். உச்சிக் கிளையில் வாழும் கொசுக்கள், மரம் வெட்டிச் சாய்க்கப்படும்போது விறகுவெட்டியைச் சூழ்வதைக் கண்ணால் கண்டவர். அந்தக் கண்ணோடு மலைநாட்டுக்கு வந்தவர், வைரஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்போது ஏன் வெடித்தது என்று கேட்டார். காட்டை வெட்டி வயலாக்குகிறார்கள். விளிம்பில் உண்ணிச்செடிப் புதர் மண்டுகிறது. புதரில் எலிகள் பெருகுகின்றன. ஊர் மாடுகள் அதற்குள் மேய்ந்து உண்ணிகளுக்கு வயிறார ரத்தம் கொடுக்கின்றன. மாட்டுக்கு நோய் வருவதில்லை. ஆனால் மாடு இல்லாமல் இத்தனை உண்ணி இல்லை. எப்போதிருந்தோ காட்டுக்குள் அடங்கிக் கிடந்த வைரஸ், ஓரத்துக்கு வந்து மனிதனைச் சந்தித்தது என்பதே அவர் வாதம்.

அவர் சொன்னது 1983-ல் தென் கன்னட மாவட்டத்துப் பெல்தங்கடி வட்டாரத்தில் கண்முன்னே நடந்தது. முந்திரித் தோட்டம் போடுவதற்காகக் காட்டை மொட்டையடித்தார்கள். வேலைக்குப் போன கூலி ஏழைகள் முதலில் விழுந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நோய் பிடித்தது. மானிடவியலாளர் மார்க் நிக்டர் 1987-ல் இதைப் பற்றி எழுதினார். காட்டை அழித்ததால் வந்த தெய்வக் கோபம் என்று ஊர்க்காரர்கள் சொன்னதையும் பதிவுசெய்திருக்கிறார். மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது மூடநம்பிக்கை. போஷெலைப் படித்துவிட்டு அதைப் படித்த எனக்கு, காரணத்தை இருவரும் ஒரே இடத்தில் தேடியதாகத்தான் தோன்றியது.

வைரசின் வயது என்ன? மரபணுவைப் படிக்கும் காலம் வந்தும் சண்டை ஓயவில்லை. 1957 முதல் 2006 வரை இந்தியாவில் பிரித்தெடுத்த 48 வைரஸ்களை ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வு, அவற்றின் தோற்றம் சுமார் 1942 என்று கணக்கிட்டது. சவூதி அரேபியாவின் அல்கும்ரா வைரசையும் சேர்த்து 2011-ல் வந்த இன்னோர் ஆய்வு, அந்த இரண்டும் பிரிந்தே சுமார் 700 ஆண்டுகள் ஆகின்றன என்றது. கட்சின் ரத்த மாதிரிகளையும் வைத்துப் பார்க்கும்போது என் சாய்வு பழைய வயதின் பக்கம்தான். அந்தமான் நிக்கோபார் மக்களின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் கண்டறிந்திருக்கிறார்கள். நேற்று வந்த வைரஸ் இவ்வளவு தூரம் பரவியிராது.

நமக்கு இது அயலூர்க் கதை இல்லை. 2012 இறுதியில் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் நோய் தலைகாட்டியபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் நீலகிரி மாவட்டத்திலும் அந்தப் பக்கம் வயநாட்டிலும் செத்த குரங்குகளிடம் இதே வைரஸ் இருந்தது. 2015-ல் வயநாட்டில் பெரிய அளவில் மனிதர்களைத் தாக்கியது. ஆகவே முதுமலைப் பக்கம் காட்டுக்குள் போய் வருகிறவர்கள் சில வேலைகளைக் கட்டாயம் செய்ய வேண்டும். முழுக்கால், முழுக்கை உடை போட்டு, காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி விரட்டும் எண்ணெயோ களிம்போ பூசிக்கொள்ளுங்கள். திரும்பியதும் உடுப்பை வெந்நீரில் போட்டு, அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு வைப்பதும் நசுக்குவதும் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்துவையுங்கள். மூன்று முதல் எட்டு நாளில் திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடல்வலி வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இந்த வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. நீர்ச்சத்தையும் ரத்தக் கசிவையும் கவனித்துக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்குத் திரும்பி வந்து மூளையைத் தாக்கும் என்பதால் குணமானதும் அலட்சியம் வேண்டாம். தமிழ்நாட்டில் அடிக்கடி காணும் ஸ்க்ரப் டைஃபஸ் வேறு. அது சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது, டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும். காட்டு விவரத்தைச் சொன்னால்தான் மருத்துவர் இரண்டையும் யோசிப்பார்.

தடுப்பூசி இருந்தது. இரண்டு தவணையும் ஊக்கத் தவணையும் போட்டவர்களுக்கு 83 சதவீத அளவுக்கும், இரண்டு தவணையோடு நிறுத்தியவர்களுக்கு 62 சதவீத அளவுக்கும் பாதுகாப்பு கிடைத்ததாக 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. வீரியம் போதவில்லை என்று 2022-ல் கர்நாடகம் அதை நிறுத்திவிட்டது. 65 ஆண்டுக்கும் மேலாக அறிந்த நோய்க்கு இந்த நிலை என்பது எனக்கு ஆறாத வருத்தம். சாவது காட்டோரக் கூலிக்காரர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குப் படவில்லை.

1957-க்கு முன் என்ன இருந்தது என்ற என் கேள்விக்கு ஒரு நூல் நுனிதான் கிடைத்திருக்கிறது. 1956-லேயே அந்த ஊர்களில் இப்படிக் காய்ச்சல் வந்ததாகப் பின்னர் விசாரித்தபோது தெரிந்தது. அப்போது அதை டைஃபாய்டு வகை என்று நினைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் மலைநாட்டை மலேரியா ஆட்டிப் படைத்தது. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-ல் தொடங்கியது. மலேரியா ஒடுங்கிய பிறகே இந்த இன்னொரு காய்ச்சல் தனியாகக் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆங்கிலேயர் காலத்து இறப்புப் பதிவேடுகளில் பெரும்பாலான சாவுகள் காய்ச்சல் என்ற ஒற்றைத் தலைப்பில் அடங்கிவிடும். சொரபா, சாகரா வட்டங்களின் பழைய கணக்கில், குரங்குச் சாவும் மனிதக் காய்ச்சலும் ஜனவரிக்கும் மேக்கும் நடுவே சேர்ந்து வந்த ஆண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வனத்துறையின் பழைய ஆண்டறிக்கைகளையும் அதற்காகவே கேட்டிருக்கிறேன்.