நம் பேச்சு ஒலிக்காத சின்னத்திரை

1982 பெப்ரவரி 15ஆம் திகதி, ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி தன் ஒளிபரப்பை ஆரம்பித்தபோது நான் பள்ளி மாணவன். 1979 ஏப்ரலிலேயே சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிவிட்ட போதிலும், எங்கள் ஒழுங்கைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது ரூபவாஹினிக்குப் பின்னர்தான். பெட்டி இருந்தது ஒரு வீட்டில். விறாந்தை நிறையச் சனம். தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பமே. ஆயினும் தமிழ் நாடகம் ஒன்று வரும் நாளில், எங்கள் அம்மம்மா பேசுவது போலவே திரையிலும் ஒரு கிழவி பேசுவாள். அது எங்களுக்குப் பெரிய அதிசயம்.

அக்கலைஞர்கள் திடீரென முளைத்தவர்கள் அல்லர். 'சானா' என அறியப்பட்ட சண்முகநாதன் போன்றோர் இலங்கை வானொலியில் வளர்த்த நாடக மரபு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. வானொலியில் புகழ்பெற்ற தொடரொன்று 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. வானொலியிலும் மேடையிலும் பழகிய குரல்களே சின்னத்திரைக்கு முதலீடாயின.

அந்த முதலீட்டைச் சிதறடித்தது 1983 ஜூலை. தொடர்ந்து வந்த யுத்த காலத்தில் கலைஞர் பலர் புலம்பெயர்ந்தனர். 'அண்ணை றைற்' தனிநடிப்பால் அறியப்பட்ட கே.எஸ். பாலச்சந்திரன் கனடாவில் தன் கலைவாழ்வைத் தொடர வேண்டியதாயிற்று.

எஞ்சியவர்களை முடக்கியது பணக்கணக்கு. 1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தோன்றியது. செய்மதி வழியாக அது நம் வீடுகளுக்கும் வந்தது. இங்கே 1998இல் சக்தியும் 2009இல் வசந்தமும் தொடங்கின. அலைவரிசைகள் பெருகின, நாடகங்கள் பெருகவில்லை. ஒரு தொடரைத் தயாரிக்க நடிகர், கமெரா, படப்பிடிப்பிடம் என்று செலவு நீளும். சென்னையில் தயாராகி, அங்கேயே செலவை மீட்டுவிட்ட தொடரை வாங்குவது அதைவிட மலிவு. நம் விளம்பரச் சந்தையோ சிறியது. சிங்களத்துக்குப் பெரிய பார்வையாளர் கூட்டம் இருந்ததால், மொழிமாற்றுத் தொடர்களின் போட்டிக்கு மத்தியிலும் தொலைநாடகம் அங்கே தாக்குப்பிடித்தது. 2006இல் இறக்குமதித் தொடர்களுக்கு அரசு வரி விதித்தது. ஆனால் வரி நாடகம் எழுதாது. எழுதுபவனுக்குக் கூலி கொடுக்கவேண்டும்.

இழந்தது பொழுதுபோக்கு மட்டும் என்றால் நான் இதனை எழுதியிருக்க மாட்டேன். இடம்பெயர்ந்த வீடுகளில் நம்மவர் எப்படிப் பேசினார்கள், மலையகத்து லயத்தில் மாலைப்பொழுது எப்படிக் கழிந்தது, மட்டக்களப்பில் ஒரு தாய் பிள்ளையை எப்படி அதட்டினாள் என்பவற்றையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட நம்மிடம் உள்ள காட்சிகள் மிகக் குறைவு. இன்று இளைஞர்கள் கைப்பணத்தில் குறும்படம் எடுத்து யூடியூப்பில் ஏற்றுகிறார்கள். அதுவே ஆறுதல். ஆனால், கைப்பணம் எத்தனை நாளைக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் பழைய நடிகர் ஒருவரைப் பேட்டி கண்டேன். அவர் நடித்த நாடகங்களில் ஒன்றையாவது பார்க்கலாமா என்று கேட்டேன். அலுமாரியைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்துத் தந்தார்.

"படம் இருக்குது தம்பி. நான் பேசினதுதான் ஒண்டும் இல்லை" என்றார்.