கிராபிக்ஸ் கார்டுப் பழுது: தோன்றும் நேரத்தைக் கொண்டு காரணம் அறிதல்

1. ஆய்வுப் பொருள்

விளையாட்டின் நடுவே திரை கருப்பாகிறது, படம் உறைகிறது, வண்ணக் கட்டங்கள் சிதறுகின்றன, கணினி தானாக அணைந்துபோகிறது. எது நடந்தாலும் பழி கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழுகிறது. புதுக் கார்டு வாங்கிப் போட்ட பிறகும் குறை தீராதவர்கள் பலர். கருந்திரை டிரைவராலும் வரும், மின்சாரத்தாலும் வரும், சூட்டாலும் வரும். தோற்றத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. குறை எந்த நேரத்தில் தலைகாட்டுகிறது என்பதே நம்பத்தக்க முதல் சான்று என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

2. கணினியைப் போட்டவுடன்

விண்டோஸ் ஏறுவதற்கு முன், மதர்போர்டின் சின்னம் தெரியும் திரையிலேயே கோடுகளோ புள்ளிகளோ இருந்தால் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அது இன்னும் வேலையையே தொடங்கவில்லை. விண்டோஸ் வரை போக முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசியில் பார்க்கலாம். கோடுகள் அதிலும் இருந்தால் பழுது கார்டின் பக்கம். படம் சுத்தமாக இருந்தால் முதலில் கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கார்டின் பக்கம் என்றானபின் சந்தேகம் அதன் நினைவகச் சில்லுகள் மீதும் பற்றவைப்பு மீதும் திரும்புகிறது. சூடேறி ஆறும்போது பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் இணைப்புகள் நாளடைவில் விட்டுப்போகின்றன. மடிக்கணினிச் சில்லுகளின் பொதியில் (பேக்கேஜ்) நேர்ந்த இத்தகைய பழுதுக்காக 2008 ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. கார்டை அடுப்பில் வைத்துச் சுடும் வைத்தியம் இணைப்பைச் சில காலம் ஒட்டவைக்கலாம்; அதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்பதற்கில்லை.

3. பளு ஏறும் நொடியில்

விளையாட்டு ஏறி, காட்சி தொடங்கிய கணமே கணினி முழுவதும் அணைந்தால் முதலில் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும். மதர்போர்டின் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட். சராசரியில் இந்த வரம்புக்குள் நிற்கும் கார்டும் சில மில்லிநொடிகளுக்கு அதைத் தாண்டி இழுக்கும். பலவீனமான எஸ்எம்பிஎஸ் அந்தத் துள்ளலைக் கண்டதும் தற்காப்பாகத் தன்னை அணைத்துக்கொள்கிறது. ஒரே கேபிளின் இரு தலைகளையும் கார்டில் செருகியிருந்தால் இரண்டு தனிக் கேபிள்களாக மாற்றுவது செலவில்லாத முதல் சோதனை. இணைப்பு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம்: 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் இணைப்பிகள் உருகியதற்கு, அவை முழுதாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்றது என்விடியா.

4. கால்மணி நேரம் கழித்து

சூடு மெதுவாகச் சேர்வது; ஆகவே ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து வரும் குறைக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். கருந்திரைக்கு முன் ஃபேன் இரைச்சல் கூடி, ஃபிரேம் எண்ணிக்கை படிப்படியாக இறங்கியிருந்தால் சான்று வலுக்கிறது. சராசரி வெப்பத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. சில்லின் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டின் வெப்பம் அதைவிட மிக அதிகமாக இருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம் அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காராமலிருக்கலாம். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே காட்சியை ஆடினால் குறை தள்ளிப்போகிறதா? போனால் காற்றோட்டம் போதவில்லை.

எளிய திரையில் கார்டு ஓய்வெடுக்கும் என்று எண்ணுவதும் தவறு. 2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டின் மெனுத் திரையில் ஃபிரேம் வேகத்துக்கு வரம்பில்லாததால் கார்டுகள் சூடேறின. வரம்பிடும் வரிகளை அமைப்புக் கோப்பில் சேர்க்கும்படி பிளிசார்ட் கூறியது. ஃபிரேம் வேகத்தை 60க்குக் கட்டிப்போடுவது இன்றும் நல்ல சோதனை. அதன்பின் குறை மறைந்தால் சூடு அல்லது மின்சாரம் என்ற பக்கமே தேடல் போகும்.

5. நேரம் பிடிபடாதபோது

குறை எப்போது வரும் என்று சொல்ல முடியாதபோது விண்டோஸின் பதிவைப் பார்க்கலாம். கார்டு 2 நொடி பதிலளிக்காவிட்டால் டிரைவரை மீட்டெடுக்கும் ஏற்பாடு விஸ்டா முதல் விண்டோஸில் உண்டு. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் அதன் தடயம். அந்தச் செய்தி டிரைவர் நின்றதைச் சொல்கிறதேயன்றி, நிறுத்தியது யார் என்று சொல்வதில்லை. ஓவர்கிளாக் செய்த கார்டும் அதே செய்தியைத் தரும். ஆகவே ரெஜிஸ்ட்ரியில் 2 நொடியைக் கூட்டிவைப்பது தடயத்தை மறைப்பதாகும். ஓவர்கிளாக்கை நீக்கிப் பார்த்தபின், அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய குறையானால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். டிரைவரே பழுதாக இருப்பதும் உண்டு: ஃபேன் கட்டுப்பாட்டுக் கோளாறால் 196.75 டிரைவரை என்விடியா 2010 மார்ச்சில் திரும்பப் பெற்றது.

இவற்றில் எதுவும் துலங்காவிட்டால், நன்றாக ஓடும் வேறொரு கணினியில் கார்டைப் பொருத்தி, அதே விளையாட்டை அதே அமைப்பில் ஓட்ட வேண்டும். குறை கார்டோடு போனால் ஹீட்சிங்க்கைக் கழற்றாமல் வாரண்டிக்கு அனுப்பலாம். பழைய கணினியிலேயே தங்கினால் எஸ்எம்பிஎஸ், ரேம், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.