ஒன்றுக்கு ஒன்று போதுமா? விமான நிறுவன இணைப்பும் அடிக்கடி பறப்போரின் உரிமையும்

முன்னுரை

பெங்களூரின் அடுகோடி, வேலை நிமித்தம் விமானமேறுவோர் நிறைந்த பகுதி. 1951இல் மைகோ என்ற பெயரில் தொடங்கப்பட்டு இன்று பாஷ் என அறியப்படும் நிறுவனத்தின் இந்தியத் தலைமையகம் இங்கே ஓசூர்ச் சாலையில் இருக்கிறது. அதை அடுத்துக் கோரமங்களாவின் மென்பொருள் அலுவலகங்கள் தொடங்கிவிடுகின்றன. 2008 மே மாதம் வரை இப்பகுதியினர் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தைச் சில கிலோமீட்டரில் அடைந்தார்கள். இன்று தேவனஹள்ளிக்கு நகரையே கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போக வேண்டும். விடியலுக்கு முன் கிளம்பி, தில்லியிலோ மும்பையிலோ வேலையை முடித்து, நள்ளிரவில் திரும்பும் பொறியாளருக்கு விமான நிறுவனம் வழங்கும் புள்ளிகளும், லவுஞ்ச் அனுமதியும், முன்னுரிமை வரிசையும் வீட்டைப் பிரிந்து கழித்த நேரத்துக்கான ஈடு.

அந்த ஈட்டுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்ற கேள்வியை 2024 நவம்பர் 12 அன்று நிறைவேறிய விஸ்தாரா - ஏர் இந்தியா இணைப்பு கூர்மையாக எழுப்பியது. புள்ளிகள் விமான நிறுவனத்தின் கணக்கேட்டில் கடன்பொறுப்பு. உறுப்பினருடனான ஒப்பந்தத்தில் நிறுவனம் விரும்பினால் மாற்றிக்கொள்ளக்கூடிய சலுகை. இந்த முரணை இணைப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. எனவே, இணைப்புக்கு அனுமதி தரும் அமைப்புகள் புள்ளி வைத்திருப்போரின் நலனை அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இணைப்பு நடந்த வழி

டாடா சன்ஸ் 51 விழுக்காடும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 49 விழுக்காடும் வைத்திருந்த விஸ்தாரா, 2015 ஜனவரி 9 அன்று பறக்கத் தொடங்கியது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குத் திரும்பியது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று இணைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இணைந்த நிறுவனத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 25.1 விழுக்காடு என முடிவாயிற்று. இந்தியப் போட்டி ஆணையம் 2023 செப்டம்பரில் நிறுவனங்களின் உறுதிமொழிகளை ஏற்று ஒப்புதல் அளித்தது. சிங்கப்பூரின் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2024 மார்ச்சில் நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சண்டிகர் அமர்வு 2024 ஜூனில் திட்டத்தை ஏற்றது.

இதற்கு இணையாக, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு நிறுவனமும் மறைந்தது. 2014 ஜூன் 12 அன்று பெங்களூரிலிருந்து கோவாவுக்கு முதல் விமானத்தை இயக்கிய ஏர் ஏசியா இந்தியா, ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட் எனப் பெயர் மாறி, 2024 அக்டோபர் 1 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரசில் கலந்தது. நான்கு பெயர்கள் இரண்டாயின.

சிங்கப்பூர் ஆணையம், அந்நகரைச் சென்னை, திருச்சி, தில்லி, மும்பை ஆகியவற்றோடு இணைக்கும் நான்கு தடங்களில் போட்டி குறையுமென அஞ்சியது. கொரோனாவுக்கு முந்தைய அளவில் இருக்கைகளைத் தொடர்ந்து வழங்கும் உறுதியை நிறுவனங்களிடமிருந்து பெற்றது. திருச்சிப் பயணிக்கு இது உண்மையான பாதுகாப்பு. ஆனால் அந்த உறுதி காப்பது இனிமேல் வாங்கப்போகும் இருக்கையை. ஏற்கெனவே பறந்து சேர்த்த மதிப்பு அதன் வரம்புக்குள் வராது.

கணக்கேட்டில் கடன், ஒப்பந்தத்தில் சலுகை

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115 இதில் தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் குறிப்பிடத்தக்க உரிமை ஒன்றைத் தரும் புள்ளிகள் தனிக் கடப்பாடு. பயணச்சீட்டுக்குப் பெற்ற பணத்தில் ஒரு பகுதியைப் புள்ளிகளுக்கென ஒதுக்கி, அவை பயன்படுத்தப்படும் வரையோ காலாவதியாகும் வரையோ வருமானமாகக் காட்டாமல் கடன்பொறுப்பாக வைத்திருக்க வேண்டும். பயணி புள்ளிக்கும் சேர்த்தே முன்பணம் கட்டியிருக்கிறார் என்பதை நிறுவனத்தின் தணிக்கையாளரே ஏற்கிறார் என்பது இதன் பொருள்.

உறுப்பினர் ஏற்றுக்கொள்ளும் விதிமுறைகள் வேறு மொழி பேசுகின்றன. புள்ளிகள் உறுப்பினரின் சொத்து அல்ல, விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திட்டத்தையே முடித்துக்கொள்ளலாம். உலகெங்கும் இத்தகைய திட்டங்களின் பொதுவான வாசகம் இதுதான்.

இதை நம் மக்கள் நன்கறிந்த சீட்டு முறையோடு ஒப்பிட்டால் குறை துலங்கும். சிறுகச் சிறுகக் கட்டிப் பின்னால் மொத்தமாகப் பெறும் பணத்துக்கு 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் காவல் வைத்திருக்கிறது. சீட்டை நடத்துபவர் பிணையம் கட்ட வேண்டும். உடன்படிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். பாதியில் தொகையைத் தன் விருப்பப்படி குறைக்க முடியாது. புள்ளியும் சிறுகச் சேரும் முன்பணம்தான். அதற்கு இந்தக் காவல் எதுவும் இல்லை.

இணைப்பின்போது இடைவெளி இன்னும் அகல்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்படி, இணைப்புத் திட்டம் பங்குதாரர்கள், கடன் கொடுத்தோர் ஆகியோரின் கூட்டங்களுக்குப் போகிறது. கடன் கொடுத்தோர் எதிர்ப்புத் தெரிவிக்க, நிலுவைக் கடனில் குறைந்தது 5 விழுக்காடு அவர்களுக்கு உரியதாக இருக்க வேண்டும். இலட்சக்கணக்கானோரிடம் துளித்துளியாகச் சிதறிக்கிடக்கும் புள்ளிக் கடனுக்கு இந்த அவையில் குரல் இல்லை. கடன்பொறுப்பு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. கடனுக்கு உரியவரிடம் யாரும் கேட்பதில்லை.

எண் மாறவில்லை, மதிப்பு?

கிளப் விஸ்தாரா உறுப்பினர்களின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அத்திட்டம் மகாராஜா கிளப் என்ற பெயரைப் பெற்றது. தகுதிநிலைகளும் பொருத்தித் தரப்பட்டன. எந்த உறுப்பினரின் இருப்பும் வெற்றுக்கணக்காகவில்லை, இது பாராட்டுக்குரியது.

ஆதாயமும் உண்டு. விஸ்தாரா எந்த உலகக் கூட்டணியிலும் இல்லை. ஏர் இந்தியா 2014 ஜூலை முதல் ஸ்டார் அலையன்சில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக ஜெர்மனி போகும் அடுகோடிப் பொறியாளர் கோல்டு நிலையில் இருந்தால், லுஃப்தான்சாவிலும் முன்னுரிமை பெறுகிறார்; உள்நாட்டுப் பயணத்தில் சேர்த்த புள்ளியை உலகின் பல மூலைகளில் செலவிடலாம்.

ஆயினும் ஒன்றுக்கு ஒன்று என்பது எண்ணின் சமத்துவம் மட்டுமே. புள்ளியின் மதிப்பை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: இலவசச் சீட்டுக்குக் கேட்கப்படும் புள்ளிகளின் அளவு, அந்த விலையில் திறந்துவிடப்படும் இருக்கைகள், அவற்றோடு ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிகளும் கட்டணங்களும். ஒரு தடத்துக்கு முன்பு 10,000 புள்ளிகள் போதுமாக இருந்து பின்னர் 12,500 கேட்கப்பட்டால், கையிருப்பு ஒன்றும் குறையாமலே அதன் வாங்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இது விளக்கத்துக்கான கணக்கு. ஆனால் இப்படி நிகழ்வதைத் தடுக்கும் விதி இந்தியாவில் ஏதுமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணைப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஏப்ரலில், ஏர் இந்தியா தன் பழைய ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் திட்டத்தைப் பறந்த தொலைவின் அடிப்படையிலிருந்து செலவிட்ட பணத்தின் அடிப்படைக்கு மாற்றியமைத்தது. அது நிறுவனத்தின் உரிமை. ஆனால் மாற்று விகிதத்தை அறிவிப்பவரே புள்ளியின் விலையையும் வகுப்பவர் என்றால், விகிதத்தை மட்டும் காட்டித் திருப்தியடையச் சொல்வது முழுமையான பதிலாகாது. ஆக்சிஸ், எஸ்.பி.ஐ., ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்ட் ஆகிய வங்கிகளோடு விஸ்தாரா சேர்ந்து வெளியிட்ட கடன் அட்டைகளும் படிப்படியாக முடிவுக்கு வந்தன. அவற்றின் இலவசச் சீட்டுகளை எண்ணி ஆண்டுக் கட்டணம் கட்டியோருக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் பதில் சொல்லவில்லை.

பெங்களூர் கண்ட முன்னுதாரணங்கள்

விமான நிறுவனங்கள் பிறந்து மறையும் நகரம் பெங்களூர். கேப்டன் கோபிநாத் 2003இல் இங்கே தொடங்கிய ஏர் டெக்கான், இந்தியாவில் மலிவு விமானப் பயணத்துக்கு வழி திறந்தது. 2005இல் பறக்கத் தொடங்கிய விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் 2007இல் அதில் பங்கு வாங்கியது. டெக்கான் பின்னர் கிங்ஃபிஷர் ரெட் ஆயிற்று. 2012 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேரவிருந்த கிங்ஃபிஷரின் நுழைவு கடைசி நேரத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. பறக்க விமானம் இல்லாத இடத்தில் அதன் கிங் கிளப் திட்ட உறுப்பினரின் மைல்களுக்குப் பொருளும் இல்லை.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றபோது நிலைமை வேறு. அதன் ஜெட் பிரிவிலேஜ் திட்டம் எத்திஹாட் பெரும்பங்கு வைத்திருந்த தனி நிறுவனமாக ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. விமான நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போன பிறகும் திட்டம் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் உயிர்வாழ்ந்தது. ஜெட்டைக் கலைத்துச் சொத்துகளை விற்க உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று ஆணையிட்டது. விஸ்தாரா மறைந்தது அடுத்த வாரம்.

கிங்ஃபிஷர், ஜெட் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உறுப்பினரைக் காத்தது நுகர்வோர் சட்டம் அல்ல என்பது புலனாகும். யாரோ வேறு நோக்கத்துக்காக அமைத்த நிறுவனக் கட்டமைப்பே ஜெட் உறுப்பினருக்குத் தற்செயலாகத் துணை நின்றது. பயணியின் சேமிப்பு தற்செயலை நம்பி இருக்கக் கூடாது.

அமெரிக்கா தரும் இரு பாடங்கள்

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்தே இச்சிக்கல் வளர்ந்து வந்தது. அதே திட்டத்தின் முன்தேதியிட்ட விதிமாற்றத்தை எதிர்த்த வோலன்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது: ஒப்பந்த மீறலுக்காக வழக்குத் தொடரலாம், மாநில நுகர்வோர் மோசடிச் சட்டத்தின் கீழ் தொடர முடியாது. 2014இல் கின்ஸ்பெர்க் வழக்கில், நல்லெண்ணத்தோடு நடக்கும் உள்ளார்ந்த கடப்பாட்டின் பெயரில் எழுந்த கோரிக்கையையும், 1978ஆம் ஆண்டு விமானத்துறைத் தளர்வுச் சட்டத்தைக் காட்டித் தள்ளியது. நீதிமன்ற வழி குறுகியது என்பது முதல் பாடம்.

இரண்டாம் பாடம் நம்பிக்கை தருகிறது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் ஹவாயன் ஏர்லைன்சை வாங்கியபோது, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில், இணைப்பு முடிவதற்கு முன்னரே, சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனைகளை விதித்தது. ஹவாயன் மைல்கள் ஒன்றுக்கு ஒன்றாக மாற வேண்டும். தகுதிநிலை பொருத்தப்பட வேண்டும். புள்ளிகளின் மதிப்பு காக்கப்பட வேண்டும். பாதுகாப்புகளின் காலம் ஆறு ஆண்டுகள். விஸ்தாரா இணைப்புக்கு இரண்டு மாதங்கள் முன்பு நடந்தது இது. இந்தியாவில் நிறுவனத்தின் நல்லெண்ணமாக வந்த அதே மாற்று விகிதம், அங்கே அரசு கேட்டுப் பெற்ற கடமையாக வந்தது. நல்லெண்ணம் மாறலாம்; கடமை தவறினால் கேள்வி கேட்க ஆளிருக்கிறது.

நம் சட்டத்திலேயே உள்ள வழிகள்

இத்தகைய கடமையை இங்கே விதிக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 20(4) பிரிவு, இணைப்பை ஆராயும்போது சந்தையில் நுழைவதற்கான தடைகளையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. 31ஆம் பிரிவு திருத்தங்களை முன்வைக்க அதிகாரம் தருகிறது. அடிக்கடி பறப்போர் திட்டம் ஒரு நுழைவுத் தடையே. கோல்டு நிலையை எட்டியவர் சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக வேறு விமானத்தில் ஏறமாட்டார். இன்று உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரை இண்டிகோவும் ஏர் இந்தியா குழுமமும் ஏற்றிச் செல்கின்றன. 2006 முதல் பறக்கும் இண்டிகோ, 2024இல்தான் புளூசிப் என்ற பெயரில் தனக்கான திட்டத்தை அறிவித்தது. பெரிய இருவரும் புள்ளிகளால் பயணிகளைக் கட்டிவைக்கும் சந்தையில், 2022இல் வந்த ஆகாசா போன்ற இளைய நிறுவனம் காலூன்றுவது கடினமாகும். புள்ளித் திட்டம் போட்டி ஆணையத்தின் கவலையாக இருக்க இதுவே போதிய காரணம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேரடியானது. அதன் 2(46) பிரிவு, நுகர்வோரின் உரிமையில் கணிசமான மாற்றம் விளைவிக்கும் விதிகளைக் கொண்ட ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது. நுகர்வோரின் இசைவின்றி, அவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற இடமளிப்பதை எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறது. விமான நிறுவன இணைப்பை மனத்தில் வைத்து எழுதியது போன்ற வாசகம் இது. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் இத்தகைய விதியைச் செல்லாது என அறிவிக்கலாம்.

எதிர்வாதங்கள்

பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியது அலுவலகம். புள்ளிக்கு ஊழியர் எப்படி உரிமை கோரலாம் என்று கேட்கலாம். பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையைப் பெறுபவரும் நுகர்வோரே எனச் சட்டம் சொல்கிறது. வணிக நோக்கத்துக்கான சேவை என்ற மறுப்பு நிறுவனத்தின் பயணத்துக்குப் பொருந்தலாம். ஆனால் புள்ளித் திட்டத்தின் ஒப்பந்தம் தனி மனிதரோடு, அவர் பெயரில், அவர் சொந்தப் பயணத்துக்காகச் செய்யப்படுகிறது. அதில் வணிக நோக்கம் இல்லை.

புள்ளியின் விலையை உறையவைத்தால் நிறுவனம் நட்டப்படும், திட்டங்களே சுருங்கும் என்பது இரண்டாவது வாதம். எரிபொருளும் கட்டணமும் ஏறும் உலகில் நிரந்தரமாக விலையை நிறுத்திவைக்கக் கேட்பது நியாயமல்ல, ஒப்புக்கொள்கிறேன். இங்கே கேட்பது வரையறுத்த காலம் மட்டுமே. இணைப்பால் வரும் சிக்கனத்தை எண்ணியே நிறுவனங்கள் இணைகின்றன. அந்த ஆதாயத்தின் ஒரு சிறு பங்கை, பழைய நிறுவனத்தை நம்பி முன்பணம் கட்டியவருக்குத் தருவது தானமாகாது.

முடிவுரை

விஸ்தாரா உறுப்பினர்கள் பெரும்பாலும் பாதுகாப்பாகக் கரை சேர்ந்தார்கள். சேர்த்தது நிறுவனத்தின் விருப்பம். அடுத்த இணைப்பு பணநெருக்கடியில் சிக்கிய நிறுவனங்களுக்கிடையே நடந்தால் அந்த விருப்பம் இருக்குமென எதிர்பார்க்க முடியாது. ஆகவே மூன்று செயல்கள் உடனடித் தேவை. போட்டி ஆணையம், விமான நிறுவன இணைப்புகளில் இருக்கை எண்ணிக்கையோடு புள்ளித் திட்டத்தையும் உறுதிமொழிகளில் சேர்க்க வேண்டும். நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், கணக்கேட்டில் கடன்பொறுப்பாக உள்ள புள்ளிகளின் நிலையை இணைப்புத் திட்டத்திலேயே எழுதச் சொல்லி, மூன்று ஆண்டுகளுக்காவது இலவசச் சீட்டின் புள்ளி விலை உயராதெனவும், பழைய புள்ளிகள் காலாவதியாகாதெனவும் உறுதி பெற வேண்டும். நுகர்வோர் அமைப்புகள் 2(46) பிரிவை மாநில ஆணையங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். கணக்காளர் கடன் என்று எழுதியதை நீதிமன்றமும் கடன் என்றே படிக்க வேண்டும்.