1936: மனத்தை ஆராய்ந்த மூன்று எழுத்துகள்

மனநோயுற்றோரிடையே பணியாற்றும் கடமை திருச்சபைக்குப் புதியதன்று. ஆயினும், அப்பணிக்குரிய அறிவை நாம் எங்கிருந்து பெற்றோம் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ‘தற்காப்பு உத்தி’, ‘மன இறுக்கம்’, ‘மனநோய்’ என்னும் சொற்கள் இன்று நம் பிரசங்கங்களிலும் ஆற்றுப்படுத்தும் பணியிலும் தாராளமாக வழங்குகின்றன. இவற்றின் வரலாற்றைத் தேடிச் செல்வோமாயின், 1936 ஆம் ஆண்டு நம்மை நிறுத்திவிடுகிறது. அவ்வோராண்டில் மூன்று வெவ்வேறு இடங்களில் மூவர் தனித்தனியே வெளியிட்ட எழுத்துகள் மூன்று வினாக்களை எழுப்பின. மனம் தன்னை எவ்வாறு மறைத்துக்கொள்கிறது? உடல் சுமையை எவ்வாறு தாங்குகிறது? உடைந்துபோன மனத்திற்குள் இறைவன் செயலாற்றக் கூடுமோ?

1. வியன்னா: மறைக்கும் மனம்

‘தற்காப்பு’ என்னும் கருத்தைச் சிக்மண்ட் ஃபிராய்டு 1894 இலேயே முன்வைத்தார். அதனை ஒழுங்குபடுத்தி நூலாக்கியவர் அவருடைய மகள் அன்னா ஃபிராய்டு. தந்தையின் எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி 1936 இல் இந்நூல் வெளிவந்தது. தாங்கவொண்ணா எண்ணத்தை நினைவினின்று அகற்றிவிடுதல், தன் பகையைப் பிறர்மேல் ஏற்றிக் காணுதல், வெறுப்பை மிகையான அன்பால் மூடுதல், குழந்தைப் பருவ நிலைக்குத் திரும்புதல் முதலியவற்றை அவர் வரிசைப்படுத்தினார்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தற்காப்பு உத்திகள் தம்மளவில் நோயல்ல. பதற்றத்தினின்று தன்னைக் காத்துக்கொள்ள ஒவ்வொரு மனமும் அவற்றைக் கையாளுகிறது. அவை இறுகி, உண்மையைக் காணவொட்டாமல் தடுக்கும்போதே தீங்கு விளைகிறது. எனவே, பிறர் மனத்தின் கேடயத்தை வலிந்து பறிப்பது மேய்ப்பனின் பணியன்று. நாத்தான் தாவீதிடம் சென்ற முறையை நினைவுகூர்வோம் (2 சாமுவேல் 12). அவர் குற்றச்சாட்டோடு தொடங்கவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையோடு தொடங்கினார். அரசன் தன் வாயாலேயே தீர்ப்புரைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

2. மாண்ட்ரீல்: சுமக்கும் உடல்

அதே ஆண்டு ஜூலைத் திங்களில், கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். புதிய இயக்குநீர் ஒன்றைத் தேடி எலிகளுக்கு உறுப்புச்சாறுகளை ஊசிவழிச் செலுத்திய அவர், அவற்றின் அட்ரீனல் சுரப்பி பருத்திருப்பதையும், தைமஸ் சுருங்கியிருப்பதையும், இரைப்பையில் புண் தோன்றியிருப்பதையும் கண்டார். பின்னர் குளிர், மிகையான உழைப்பு, நச்சுப்பொருள் ஆகியவையும் இதே விளைவுகளையே உண்டாக்கின. எச்சரிக்கை, எதிர்ப்பு, சோர்வு என உடல் மூன்று நிலைகளைக் கடப்பதாக அவர் விளக்கினார். இறுக்கத்தைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகள் பல இதனின்றே கிளைத்தன.

செல்யேயின் கருத்து முழுவதும் நிலைநிற்கவில்லை. ஒரே சுமை எல்லாரையும் ஒரேவிதமாய் நசுக்குவதில்லை. அதற்கு மனிதன் கொள்ளும் பொருளும், அவனுக்குள்ள துணையும் விளைவை மாற்றுகின்றன என ரிச்சர்டு லாசரஸ் முதலியோர் 1960களிலிருந்து எடுத்துரைத்தனர். ஆயினும், உடலையும் மனத்தையும் பிரித்து நோக்கலாகாது என்னும் பாடம் நிலைத்தது. சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவுக்கு முதலில் அருளப்பட்டவை உறக்கமும் உணவுமே. வினா அதன் பின்னரே வந்தது (1 இராஜாக்கள் 19). சோர்வுற்றவனுக்கு அறிவுரையை முந்தித் தரும் நம் வழக்கத்தை இது கடிந்துகொள்ளுகிறது.

3. உஸ்டர்: உடைந்த மனம்

மூன்றாவது நூல் நமக்கு மிக நெருக்கமானது. ‘அக உலக ஆராய்ச்சி’ என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூலின் ஆசிரியர் ஆன்டன் பாய்சன் (1876–1965) ஒரு பிரஸ்பிட்டேரியப் போதகர். காட்டியலும் இறையியலும் கற்றவர். 1920 அக்டோபரில் அவர் கடும் மனநோய்க்குள்ளாகி, மாசசூசெட்ஸ் மாநில மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் வைக்கப்பட்டார். மருத்துவர்கள் அவருடைய நோயைச் சிந்தைச் சிதைவு எனக் கணித்தனர். நலமடைந்த அவர் 1924 இல் உஸ்டர் மனநோய் மருத்துவமனையின் குருவாகப் பொறுப்பேற்றார். தன்னைப்போல் துன்புற்றோரை விட்டகல அவர் விரும்பவில்லை.

1925 கோடையில் நான்கு இறையியல் மாணவர்களை அங்கு வரவழைத்தார். அவர்கள் பகலில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர். பின் தாம் கண்டவற்றைக் கூடி ஆராய்ந்தனர். நூல்களை வாசிக்கும் அதே கவனத்தோடு ‘உயிருள்ள மனித ஆவணங்களையும்’ வாசிக்க வேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. இன்று உலகெங்கும் இறையியல் மாணவர் பெறும் மருத்துவமனைசார் மேய்ப்புப் பயிற்சி இதனின்று வளர்ந்ததே. அம்முதற் குழுவிலிருந்த ஹெலன் ஃபிளாண்டர்ஸ் டன்பார் பின்னர் உடல்-மன மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரானார்.

உடலுறுப்புக் கேட்டால் வராத மனக்கலக்கங்களைப் பாய்சன் காய்ச்சலுக்கு ஒப்பிட்டார். காய்ச்சல், உடல் நோயோடு போராடுவதன் அடையாளம். அதுபோலச் சில கலக்கங்கள், சிதறிய உள்ளம் தன்னைச் சீரமைக்க முயல்வதன் அடையாளம் என்றார். குற்றவுணர்வையும் தனிமையையும் மறைத்துப் பிறரைப் பழிப்போரைவிட, அவற்றை நேர்கொண்டு போராடுவோரே மீளும் வாய்ப்பு மிக்கவர் எனக் கருதினார். அன்னா ஃபிராய்டு விளக்கிய மறைப்பு ஈண்டு வேறொரு கோணத்தில் காட்சியளிக்கிறது.

பாய்சனை நாம் அளவோடு ஏற்க வேண்டும். அவரே 1930 இலும் 1935 இலும் மீண்டும் நோயுற்றார். சிந்தைச் சிதைவில் மரபுவழிக் கூறுக்குப் பெரும்பங்கு உண்டென்பதும், 1950களிலிருந்து வழக்கில் வந்த மருந்துகள் பலருக்கு மீட்சி தந்துள்ளன என்பதும் இன்று தெளிவு. ஆதலால், அவருடைய நூலைக் காட்டி மருந்தை மறுப்போர் அவரையும் அறியாதார், நோயையும் அறியாதார்.

4. நம் பணி

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். நோயாளரைச் சங்கிலியிடுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் சங்கிலி இரும்பால் மட்டும் ஆவதன்று. மனநோயைப் பாவத்தின் கூலி என்றும், விசுவாசக் குறைவென்றும், பேயின் செயலென்றும் நாம் எளிதாய்த் தீர்ப்புரைக்கும்போது, வேறொரு சங்கிலியைப் பூட்டுகிறோம். நம் சொல்லை நம்பி மருந்தை நிறுத்தியவருக்கு நேரும் கேட்டிற்கு நாமே பொறுப்பாளிகள். ஒருவேளை அத்தீர்ப்பும் நம் தற்காப்பு உத்தியோ? நம் உள்ளத்தில் உறையும் அச்சத்தைப் பிறர்மேல் ஏற்றி, நாம் அமைதி தேடுகிறோமோ?

உஸ்டர் மருத்துவமனையின் வாயிலில் நோயாளியாக அன்றி, குருவாக வந்து நின்ற அம்மனிதரை மாணவர் மறவாதிருப்பாராக. அவர் பூரண சுகம் பெற்றபின் பணியைத் தொடங்கியவரல்லர். காயத்தோடே பணி செய்தவர். மனநோயுற்றோர் நம் பணியின் இலக்கு மட்டுமல்லர், நமக்கு ஆசிரியருமாவர் என்பதே 1936 நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.